ஸ்கேனில் நிறம் வராத இடத்தில் நியூரான்கள் வேலை செய்யவில்லை என்று அர்த்தமா?

இளங்கதிர் எழுதியது:

வணக்கம். என் தங்கைக்கு மூளையின் இடது முன்பகுதியில் ஒரு கட்டி இருக்கிறது. க்ளையோமா வகை, அதாவது மூளையின் துணைச் செல்களில் தோன்றும் கட்டி என்கிறார்கள். பேச்சுக்கான பகுதி கட்டிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்க, அறுவைசிகிச்சைக்கு முன்னால் எஃப்எம்ஆர்ஐ, அதாவது மூளை வேலை செய்யும்போதே எடுக்கும் எம்ஆர்ஐ ஸ்கேன், எடுத்தார்கள். அவள் உள்ளே படுத்திருக்கும்போது திரையில் ஓர் எழுத்து வருமாம். அந்த எழுத்தில் தொடங்கும் சொற்களை வாயைத் திறக்காமல் மனதுக்குள்ளேயே அடுக்கிக்கொண்டு போக வேண்டும். அரை நிமிடம் போனதும் எழுத்து மறைந்து ஒரு கூட்டல் குறி வரும். அப்போது சும்மா இருக்க வேண்டும். இப்படியே மாறி மாறிச் சில நிமிடங்கள்.

படம் கைக்கு வந்துவிட்டது. வலப்பக்க முன்மூளையில் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு. இடப்பக்கம், கட்டியை ஒட்டி, ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அவள் வலக்கைக்காரி. வலக்கைக்காரர்களில் பெரும்பாலோருக்குப் பேச்சு இடது மூளையில்தான் என்று படித்தேன். அப்படியானால், கட்டி மெதுவாக வளர்ந்ததால் பேச்சு வலப்பக்கத்துக்கு இடம் மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? மாறியிருந்தால் இடப்பக்கத்தில் தாராளமாகவே வெட்டி எடுக்கலாம் அல்லவா?

ஆனால் அறுவைசிகிச்சை நிபுணரோ, இந்தப் படத்தை மட்டும் நம்பி இறங்க மாட்டேன், அவளை விழிக்க வைத்துப் பேசச் சொல்லிக்கொண்டேதான் செய்வேன் என்கிறார். மூளை வேலை செய்வதைக் காட்டும் கருவி என்றுதானே எடுக்கச் சொன்னார்கள், பிறகு ஏன் நம்பக் கூடாது? நான் பள்ளியில் கணக்கு நடத்துகிறவன், உயிரியல் அதிகம் தெரியாது. நீளமாக எழுதினாலும் பொறுமையாகப் படிப்பேன்.

வாணி எழுதியது:

இளங்கதிர், நான் எஃப்எம்ஆர்ஐ தரவுகளை அலசும் வேலையில் இருப்பவள், மருத்துவர் இல்லை. தங்கையின் படத்தைப் பற்றி எதுவும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் நிபுணர் ஏன் தயங்குகிறார் என்று சொல்ல முடியும். அவர் தயங்குவது மிகவும் சரி.

அந்த ஸ்கேனர் நியூரான்களை அளக்கவில்லை. ரத்தத்தை அளக்கிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினுக்கும் அதை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினுக்கும் காந்த குணம் வேறு என்று லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் 1936இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் கொஞ்சம் கலைக்கும். புலம் கலைந்த இடத்தில் எம்ஆர்ஐ சிக்னல் சீக்கிரம் தேய்ந்துபோகும். 1990இல் பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவாவின் குழு இதை எலி மூளையில் காட்டியது. 1992இல் மனிதர்களிடமும் எடுத்துவிட்டார்கள். போல்ட் சிக்னல் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது, கணக்கு ஆசிரியர் என்பதால் உங்களுக்குப் பிடிக்கும். நியூரான்கள் அதிகம் உழைத்தால் ஆக்சிஜன் அதிகம் செலவாகும், ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் கூடும், ஆகவே சிக்னல் குறைய வேண்டும். நடப்பது நேர்மாறு, சிக்னல் ஏறுகிறது. காரணம் 1986இல் பீட்டர் ஃபாக்ஸும் மார்கஸ் ரெய்க்லேயும் பெட் ஸ்கேனில் (கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு செலுத்தி எடுப்பது) கண்டது. தொடு உணர்வைத் தூண்டியபோது அந்தப் பகுதிக்கு ரத்த ஓட்டம் சுமார் 29 சதவீதம் கூடியது, ஆக்சிஜன் செலவோ சுமார் 5 சதவீதம்தான் கூடியது. தேவைக்கு மேல் வந்து சேரும் புது ரத்தம் பழைய ரத்தத்தை அடித்துக்கொண்டு போய்விடுகிறது, அதனால் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் அந்த இடத்தில் முன்பைவிடக் குறைகிறது. உங்கள் படத்தில் உள்ள ஆரஞ்சு நிறம் இந்த உபரியின் அடையாளம். நியூரான் செய்த வேலைக்கும் அந்த நிறத்துக்கும் நடுவில் ரத்தக்குழாய் நிற்கிறது. இதை மட்டும் மறக்காதீர்கள்.

அந்த உபரி ரத்தத்தை யார் வரவழைக்கிறார்கள்? ஆக்சிஜன் தீர்ந்துபோனதால் குழாய் தானாக விரிகிறது என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். இப்போதைய புரிதல் வேறு. நியூரான்கள் ஒன்றையொன்று சந்திக்கும் சினாப்ஸில், தூண்டும் வேதிப்பொருளான குளூட்டமேட் வெளிப்படும்போதே தகவல் குழாய்க்குக் கிளம்பிவிடுகிறது. நியூரான்களிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு, பக்கத்தில் இருக்கும் அஸ்ட்ரோசைட் என்னும் துணைச் செல்களிலிருந்து வேறு சில வேதிப்பொருட்கள். இவை சிறு தமனிகளின் தசையையும், தந்துகிகளைப் பற்றிக்கொண்டிருக்கும் பெரிசைட் செல்களையும் தளர்த்துகின்றன. குழாய் விரிகிறது, ரத்தம் பாய்கிறது. பற்றாக்குறை வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கட்டி இந்தச் சங்கிலியின் நடுக்கண்ணியைத்தான் பதம் பார்க்கிறது. வேகமாக வளரும் கட்டிகளில் புதிதாக முளைக்கும் குழாய்கள் ஒழுங்கற்றவை, சுருங்கி விரியும் திறன் இல்லாதவை. பக்கத்திலுள்ள நல்ல குழாய்கள்கூட ஏற்கனவே முழுக்க விரிந்து கிடக்கலாம், மேற்கொண்டு விரிய இடமில்லை. மெதுவாக வளரும் கட்டிகளிலும் கட்டிச் செல்கள் ஊடுருவி அஸ்ட்ரோசைட்டுக்கும் குழாய்க்கும் உள்ள பிணைப்பைக் குலைத்துவிடலாம். அப்போது என்ன ஆகும்? நியூரான்கள் சொற்களைத் தேடுகின்றன, குளூட்டமேட் வெளிப்படுகிறது, தகவலும் போகிறது, ஆனால் குழாய் அசைவதில்லை. படத்தில் அந்த இடம் சாம்பல் நிறமாகவே நிற்கிறது. எதிர்ப்பக்கத்தில் குழாய்கள் நன்றாக இருப்பதால் அங்கே எழும் சாதாரண செயல்பாடுகூடத் தனித்துத் தெரிகிறது. பார்ப்பவருக்குப் பேச்சு வலப்பக்கம் குடிபெயர்ந்துவிட்டது போலத் தோன்றும். இதற்கு எங்கள் துறையில் ‘போலி இடமாற்றம்’ என்றே பெயர்.

மெதுவாக வளரும் கட்டிகளில் உண்மையான இடமாற்றமும் நடக்கத்தான் செய்கிறது, அதை மறுக்கவில்லை. இரண்டையும் அந்த ஒரு படத்தை வைத்துப் பிரித்தறிய முடியாது என்பதுதான் சிக்கல்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை ஸ்கேனர் தருவதில்லை, நாங்கள்தான் பூசுகிறோம். ஒரு வோக்சலை, அதாவது சில மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு சிறு கனசதுரத்தை எடுத்து, இரண்டு விநாடிக்கு ஒரு முறை பதிவான அதன் எண்களைக் கோடாக வரைந்தால், குளிரில் நடுங்கும் கையால் கிறுக்கியது போல இருக்கும். சராசரி 1000 என்றால், எழுத்து திரையில் இருக்கும் அரை நிமிடத்தில் 1010, 1015 என்று போகும். ஒன்றிரண்டு சதவீதம், அவ்வளவுதான். தலை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் அதைவிடப் பெரிய ஏற்றத்தாழ்வு வரும். இதயத் துடிப்பும் மூச்சும் வேறு உள்ளே கலந்திருக்கும். அந்தக் கோடு, வேலை செய்த நேரத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒவ்வொரு வோக்சலுக்கும் ஒரு புள்ளியியல் மதிப்புக் கணக்கிட்டு, ஒரு வெட்டு அளவுக்கு மேல் இருப்பதற்கு மட்டும் ஆரஞ்சு பூசுகிறோம். அந்த அளவைச் சற்றுக் கீழே இழுத்தால் இல்லாத இடத்தில் எல்லாம் திட்டுகள் முளைக்கும். மேலே தள்ளினால் இருப்பதும் கரையும். 2009இல் கிரெய்க் பென்னட்டும் சகாக்களும் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனரில் வைத்து, திருத்தம் செய்யாத வெட்டு அளவில் அதன் மூளையிலும் ‘செயல்பாடு’ தெரிவதைக் காட்டினார்கள். பல்லாயிரம் வோக்சல்களைத் தனித்தனியாகச் சோதித்தால் தற்செயலாகவே சில தேறிவிடும், உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இளங்கதிர் எழுதியது:

வாணி மேடம், நன்றி. இரண்டு முறை படித்தேன். நிறம் இல்லாததை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பது புரிகிறது. அப்படியானால் மறுபக்கம்? வலப்பக்கம் நிறம் வந்திருக்கிறதே, அங்கே குழாய் நன்றாக இருக்கிறது என்றால் அங்கே நியூரான்கள் நிச்சயம் இயங்குகின்றன என்றாவது சொல்லலாமா? இன்னொன்று, கோடு எழுத்து வந்த உடனே ஏறுமா?

மின்முனை எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். நான் எலக்ட்ரோடு ஆள், விலங்குகளின் மூளைப் புறணியில், அதாவது மூளையின் மேலடுக்கில், நேரடியாக மின்பதிவு எடுப்பவன்.

இரண்டாவது கேள்விக்கு முதலில்: உடனே ஏறாது. ஒரு நியூரானின் மின்துடிப்பு, நாங்கள் ஸ்பைக் என்பது, ஒன்றிரண்டு மில்லிவிநாடியில் முடிந்துவிடும். போல்ட் சிக்னல் கிளம்பவே ஒன்றிரண்டு விநாடி, உச்சத்துக்குப் போக ஐந்தாறு விநாடி, பிறகு அடிக்கோட்டுக்குக் கீழே கொஞ்சம் தாழ்ந்து சமநிலைக்குத் திரும்ப இருபது விநாடிக்கு மேல். அரை நிமிடம் வேலை, அரை நிமிடம் ஓய்வு என்று அமைத்திருப்பது இதனால்தான்.

நியூரான்கள் ‘இயங்குகின்றன’ என்பதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஒன்று, ஒரு பகுதிக்குள் வரும் உள்ளீடும் அங்கேயே சினாப்ஸ்களில் நடக்கும் உள்வேலையும். மற்றொன்று, அந்தப் பகுதி ஸ்பைக்குகளாக வெளியே அனுப்பும் செய்தி. எலக்ட்ரோடை இறக்கி மெதுவாக மாறும் மின்னழுத்தத்தைப் பார்த்தால் முதலாவது தெரியும், புலமின்னழுத்தம் என்கிறோம். வேகமான பகுதியை வடிகட்டி எடுத்தால் இரண்டாவது. 2001இல் ட்யூபிங்கனில் நிகோஸ் லோகோதெடிஸ் குழு குரங்கின் பார்வைப் புறணியில் மின்பதிவையும் எஃப்எம்ஆர்ஐயையும் ஒரே நேரத்தில் எடுத்தது. ஸ்கேனரின் காந்தத்துக்கும் ரேடியோ துடிப்புகளுக்கும் நடுவே மைக்ரோவோல்ட் கணக்கில் உள்ள சிக்னலைப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று இந்த வேலை செய்பவனுக்குத்தான் தெரியும். போல்ட் சிக்னல் இரண்டோடும் ஒத்துப்போனது, ஆனால் புலமின்னழுத்தத்தோடு சற்றுக் கூடுதலாக. சில இடங்களில் காட்சி நீடிக்கும்போதே ஸ்பைக்குகள் ஓய்ந்துவிட்டன. புலமின்னழுத்தமும் போல்ட்டும் ஓயவில்லை.

இதைவிடத் தெளிவான சான்று சிறுமூளையில் கிடைத்தது. 1998இல் மார்ட்டின் லாரிட்சனின் குழு எலிகளின் சிறுமூளையில் இணை நார்களைத் தூண்டியது. அந்தத் தூண்டல் வழியில் உள்ள தடுப்பு நியூரான்களையும் எழுப்பி, அங்கிருந்து செய்தியை வெளியே அனுப்பும் புர்கின்யே செல்களின் ஸ்பைக்குகளை அடக்கிவிடும். ஸ்பைக் குறைந்தது, ரத்த ஓட்டமோ கூடியது. படத்தில் அது ‘செயல்பாடு’ என்றுதான் வரும். ஆனால் அந்தப் பகுதியின் வெளியீடு அப்போது அடங்கியிருக்கிறது. 2008இல் இன்னொன்று. கண்ணுக்கு முன்னால் இருக்கும் காட்சியைக் குரங்கு உணராதபடி மறைத்தபோது, முதல்நிலைப் பார்வைப் புறணியில் போல்ட் இறங்கியது. ஸ்பைக்குகள் ஏறக்குறைய மாறவே இல்லை. புலமின்னழுத்தத்தின் தாழ் அதிர்வெண் பகுதி மட்டும் போல்ட்டோடு சேர்ந்து இறங்கியது.

ஒரு வோக்சலில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 55 கன மில்லிமீட்டர் கொண்ட ஒன்றில் சுமார் 55 லட்சம் நியூரான்கள், 22 கிலோமீட்டர் டென்ட்ரைட்டுகள் (செய்தி வாங்கும் கிளைகள்), 220 கிலோமீட்டர் ஆக்சான்கள் (செய்தி அனுப்பும் இழைகள்) என்று லோகோதெடிஸ் கணக்குச் சொல்கிறார். தூண்டுபவை, தடுப்பவை எல்லாம் அதற்குள் அடக்கம். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைப்பது ஒரே ஓர் எண். அந்த எண்ணிலிருந்து பின்னோக்கிப் போய் ‘இத்தனை நியூரான் இத்தனை முறை துடித்தது’ என்று சொல்ல வழி கிடையாது. 2000இல் இரண்டு குழுக்கள் மனிதர்களின் போல்ட்டையும் குரங்குகளின் ஸ்பைக்குகளையும் ஒப்பிட்டு முயன்று பார்த்தன. முதல்நிலைப் பார்வைப் புறணியில் ஒரு சதவீத ஏற்றத்துக்கு ஒரு நியூரானுக்கு விநாடிக்குச் சுமார் 0.4 ஸ்பைக் என்றது ஒன்று. அசைவை உணரும் பகுதியில் சுமார் 9 என்றது மற்றொன்று. இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். ஓர் இடத்து மாற்று விகிதத்தை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகு வாணியோடு ஒரு சின்னக் கருத்து வேறுபாடு. ‘நியூரான்களை அளக்கவில்லை, ரத்தத்தை அளக்கிறது’ என்று நிறுத்திவிட்டால் படிப்பவர் எஃப்எம்ஆர்ஐயே வெறும் மாயை என்று எண்ணிவிடுவார். 2005இல் வலிப்பு நோய்க்காக எலக்ட்ரோடு பொருத்தப்பட்டிருந்த நோயாளிகளின் செவிப்புலப் புறணியில், தனித்தனி நியூரான்களின் துடிப்பை வைத்தே வேறு ஆட்களின் எஃப்எம்ஆர்ஐ சிக்னலை நன்றாகவே கணிக்க முடிந்தது. 2010இல் கார்ல் டைசரோத் குழு ஒளியால் தூண்டும் முறையில் எலிகளின் கிளர்ச்சி நியூரான்களை, அதாவது மற்றவற்றைத் தூண்டுபவற்றை, மட்டும் எழுப்பியது, போல்ட் அழகாக ஏறியது. மறைமுகமான உறவுதான், ஆனால் உண்மையான உறவு.

வாணி எழுதியது:

மின்முனை சொல்வதை ஏற்கிறேன், மாயை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். இந்தச் சிக்னலை நம்பித்தான் வேலை செய்கிறேன். ஆனால் அவர் காட்டிய சான்றுகளில் எல்லாம் ரத்தக்குழாய் ஆரோக்கியமாக இருக்கிறது. அங்கே கூட, 2009இல் சிரோட்டினும் தாஸும் குரங்குகளில் கண்டது நினைவிருக்கும்: காட்சி வரப்போகிறது என்று பழகிய விலங்கு இருட்டில் காத்திருக்கும்போதே பார்வைப் புறணிக்கு ரத்தம் பாய்ந்தது, உள்ளூர் மின்பதிவில் அதற்கு ஈடான எழுச்சி தென்படவில்லை. அதன் விளக்கத்தைப் பற்றி வாதப் பிரதிவாதம் நிறைய நடந்தது. எப்படியிருந்தாலும், கட்டியை ஒட்டிய இடத்தில் அந்த உறவு அப்படியே நிற்கிறது என்று முன்கூட்டி எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. ஒருவரின் பேச்சு அதில் அடங்கியிருக்கிறது.

இளங்கதிர், வலப்பக்க நிறத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு இன்னொன்றும் சேர்க்கிறேன். அங்கே நியூரான்கள் உண்மையிலேயே மும்முரமாக இருந்திருக்கலாம். சொல் தேடும் வேலையில் கவனம், முயற்சி, வந்த சொல்லைத் திரும்பச் சொல்லாமல் அடக்குவது எல்லாம் சேர்ந்திருக்கிறது. அதற்கெல்லாம் வலது முன்மூளையும் கைகொடுக்கும். ஒரு பகுதி ஒரு வேலையில் பங்கெடுக்கிறது என்பதற்கும், அது இல்லாமல் அந்த வேலை நடக்காது என்பதற்கும் நிறைய தூரம். முதலாவதைத்தான் எஃப்எம்ஆர்ஐ சொல்லும். கத்தியை எடுப்பவருக்குத் தெரிய வேண்டியது இரண்டாவது.

தேன்மொழி எழுதியது:

நான் பேச்சு-மொழிச் சிகிச்சையாளர். விழித்த நிலை அறுவைசிகிச்சைகளில் நோயாளியின் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருப்பது என் வேலை. வாணி சொன்ன அந்த இரண்டாவது கேள்விக்கு விடை எப்படிக் கிடைக்கிறது என்று சொல்கிறேன், தங்கைக்கும் படித்துக் காட்டுங்கள், பயம் குறையும்.

மண்டையைத் திறக்கும்வரை மயக்கம் இருக்கும், அல்லது அரைத்தூக்கம். மூளைக்கு வலி உணர்வு கிடையாது, தோலுக்கும் மூளையை மூடியிருக்கும் உறைக்கும் மட்டும் மரத்துப்போக மருந்து கொடுப்பார்கள். பிறகு எழுப்புவார்கள். நான் கணினித் திரையில் சில விநாடிக்கு ஒரு படமாகக் காட்டுவேன். நாற்காலி, சாவி, யானை. ஒவ்வொன்றுக்கும் ‘இது ஒரு நாற்காலி’ என்று முழுதாகச் சொல்ல வேண்டும். அந்த ‘இது ஒரு’ மிக முக்கியம். படம் வருவதற்குச் சற்று முன் நிபுணர் புறணியில் ஓர் இடத்தைச் சில மில்லிஆம்பியர் மின்னோட்டத்தால் சில விநாடி தொடுவார். ‘இது ஒரு...’ என்று சொல்லிவிட்டுப் பெயர் மட்டும் வராமல் நின்றால் அந்த இடம் சொல்லை எடுத்துத் தருவதில் பங்குள்ளது. வாயே அசையாமல் ‘இது’ கூட வரவில்லை என்றால் பேச்சு அசைவு நின்றிருக்கிறது, அது வேறு விஷயம். மின்னோட்டத்தை எடுத்ததும் பேச்சு திரும்பிவிடும். அந்த இடத்தில் ஒரு சிறு எண் அட்டையை வைத்துவிட்டு அடுத்த இடம். நான் பார்ப்பது படத்தை அல்ல, உதட்டையும் கண்ணையும்.

ரத்தக்குழாய் இதில் குறுக்கே வருவதே இல்லை. எஃப்எம்ஆர்ஐயில் சாம்பலாக இருந்த இடத்தைத் தொட்டதும் பேச்சு சட்டென்று நின்றுபோனதை நானே நேரில் பார்த்திருக்கிறேன். அந்த எண் அட்டை விழுந்த இடத்தைத் தொடாமல் சுற்றிப் போவார்கள். நிறம் வந்திருந்தும் எத்தனை முறை தொட்டாலும் பேச்சு தடைபடாத இடங்களும் உண்டு.

அதற்காக எஃப்எம்ஆர்ஐ வீண் இல்லை. எங்கே திறப்பது, எந்த வேலைகளைச் சோதிப்பது, எங்கிருந்து தொடங்குவது என்பதை எல்லாம் அதை வைத்துத்தான் திட்டமிடுகிறோம். நோயாளி களைத்துவிடுவார், எல்லா இடத்தையும் தொட்டுப் பார்க்க நேரம் இருக்காது. தங்கைக்குப் படம் பார்த்துப் பெயர் சொல்லும் பயிற்சியை முன்பே கொடுப்பார்கள், வீட்டில் அவள் எந்த மொழியில் இயல்பாகப் பேசுவாளோ அதிலேயே செய்யச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு மொழி புழங்கினால் இரண்டிலும்.

இளங்கதிர் எழுதியது:

தேன்மொழி அம்மா, உங்கள் பதிலைத் தங்கையிடம் படித்துக் காட்டினேன். ‘இது ஒரு யானை’ என்று இப்போதே சொல்லிப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இரண்டு சந்தேகம் மட்டும். குழாய்தான் தொல்லை என்றால், தலைத்தோலில் எலக்ட்ரோடு வைத்து எடுக்கும் இஇஜி போதாதா, அது நேரடியாக மின்சாரத்தைத்தானே அளக்கிறது? இன்னொன்று, படத்தோடு வந்த அறிக்கையில் ‘மூச்சடக்கல் சோதனையில் இடது முன்பகுதியில் எதிர்வினை குறைவு’ என்று ஒரு வரி இருக்கிறது. தங்கையைக் கேட்டேன். நடுவில் ஒரு கட்டத்தில் எழுத்தெல்லாம் இல்லாமல், திரையில் சொல்லும்போது மூச்சைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கச் சொன்னார்கள், ஏன் என்று தெரியவில்லை என்கிறாள்.

வாணி எழுதியது:

அந்த ஒரு வரிதான் முக்கியம், அதை முதலில் சொல்கிறேன். மூச்சைப் பிடித்தால் ரத்தத்தில் கார்பன் டைஆக்சைடு கூடும். கார்பன் டைஆக்சைடு மூளைக் குழாய்களை விரிக்கும், நியூரான்கள் எதுவும் தனியாகச் செய்யத் தேவையில்லை. ஆரோக்கியமான புறணி முழுவதும் போல்ட் சிக்னல் ஏறும். எங்கே ஏறவில்லையோ அங்கே குழாயால் விரிய முடியவில்லை. நியூரானை ஒதுக்கிவைத்துவிட்டு, குழாயை மட்டும் தனியாகச் சோதிக்கும் வழி இது. உங்கள் தங்கைக்கு எடுத்தவர்கள் கவனமாக எடுத்திருக்கிறார்கள். அறிக்கையில் உள்ளது போல் எதிர்வினை குறைவான பகுதியும், சொல் தேடும் வேலையில் நிறம் வராத பகுதியும் ஒன்றாக இருந்தால், அங்கே நிறம் இல்லாததை ‘பேச்சு இல்லை’ என்று வாசிக்கவே கூடாது. உங்கள் நிபுணர் இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அடுத்த முறை பார்க்கும்போது இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இஇஜி நேரத்தை மில்லிவிநாடி வரை சொல்லும், இடத்தைச் சொல்வதில்தான் தடுமாறும். புறணியில் அடுக்கடுக்காக நிற்கும் பிரமிடு நியூரான்களின் சினாப்ஸ் மின்னோட்டங்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றுசேர்ந்தால்தான் தலைத்தோலில் ஏதாவது தெரியும், அதையும் மண்டையோடு கலங்கடித்துப் பரப்பிவிடும். மேற்பரப்பில் பதிவான ஒரே மின்னழுத்த அமைப்புக்கு உள்ளே எண்ணற்ற மூல அமைப்புகள் பொருந்தும் என்பதை ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853இலேயே காட்டிவிட்டார். தனித்தீர்வு இல்லாத சமன்பாடு, உங்கள் பாஷையில். கட்டியின் ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்கும் இடத்தில் அதை நம்ப முடியாது.

ஒன்றை மட்டும் இங்கே யாரும் சொல்லவில்லை. நாம் இவ்வளவு நேரம் பேசியது புறணியைப் பற்றி. அதற்கு அடியில் பேச்சுப் பகுதிகளை இணைத்துக்கொண்டு ஓடும் வெண்பொருள் நார்க்கட்டுகள் போல்ட் படத்தில் ஏறக்குறையத் தெரியவே தெரியாது. அவை வெட்டுப்பட்டாலும் பேச்சு போகும். தண்ணீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் எளிதாக நகர்கின்றன என்று அளந்து அந்த நார்களின் பாதையை வரையும் வேறொரு எம்ஆர்ஐ முறை இருக்கிறது, டிடிஐ என்பார்கள். அது எடுத்திருக்கிறார்களா, அறுவையின்போது ஆழத்திலும் மின்னோட்டம் வைத்துச் சோதிப்பார்களா, இரண்டையும் நிபுணரிடம் கேளுங்கள்.